தோய்ச்சலுக்கு ஏற்ற எண்ணெய் எது?

இலக்கியங் கற்பிப்போன் ஒருவன் கொல்லனது உலைக்களத்தைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என இம்மலரைப் புரட்டும் பழைய மாணவருட் சிலர் ஐயுறுதல் கூடும். இக்கட்டுரை பிறந்த வரலாற்றை முதலிற் கூறிவிடின் அவ்வையம் நீங்கும்.

உயர்தர வகுப்பிலே புறநானூற்றின் 21ஆம் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கானப்பேரெயிலை வென்ற உக்கிரப்பெருவழுதியை ஐயூர் மூலங்கிழார் பாடியது அது. பகைவன் இழந்த அரண் இனி அவனுக்கு மீளாது; உலையிற் பழுத்த இரும்பின்மேற் பட்ட நீர் எங்ஙனம் மீளாதோ அங்ஙனம் என்பது அப்பாட்டின் உவமை. உவமையின் நயத்தை யான் விரித்துரைத்து முடித்தபோது, பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, உருக்கைத் தண்ணீரிலே தோய்த்தால் வெடித்துவிடும். எங்கள் அப்பா எண்ணெயிலேதான் தோய்ப்பார். அந்தக் கொல்லன் ஏன் தண்ணீரைக் கொண்டான்?" என்றான். வகுப்புச் சிரித்தது. அவன் தந்தையார் கத்தி அடிப்பவர் என்பதை அன்றுதான் அவனுடைய தோழர் அறிந்தனர். அவன் முகஞ் சிவந்து அமர்ந்தான். யானோ விடையறியாது நின்றேன். சிரித்தற்குரியவன் அவனல்லன், ஆசிரியனே என்பதை அக்கணமே உணர்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவனுடன் புதுக்கடைக்குச் சென்றேன். நீதிமன்றங்களுக்கு அப்பால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், சிரட்டைக்கரி எரியும் உலையும், பட்டடைக்கல்லும், சுவரிற் சாத்திய பழைய வில்தகடுகளுமாக இருந்தது அப்பட்டறை. தந்தையார் என்முன் இரு கத்திகளை வைத்தார். இரண்டும் தேய்ந்த அரத்தை அடித்துச் செய்தவை. ஒன்று நீரில் தோய்த்தது. அதன் வாயிலே மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடிற்று. மற்றையது மோட்டார் வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் தோய்த்தது. அது வெடிக்கவில்லை, ஆயின் எலும்பிற் பட்டதும் அதன் வாய் மடங்கிற்று. "தேங்காயெண்ணெய் விலை ஏறின பிறகு இந்தக் கறுப்பெண்ணெய்தான், மாஸ்ரர். புகையும் இருமலும் மிச்சம்," என்றார் அவர். மகனுடைய வினாவும் தந்தையின் இடரும் ஒரே வினாவாகவே எனக்குத் தோன்றின. பின்னர் நூல்களிற் படித்தும், விஞ்ஞான ஆசிரியரை வினவியும், அப்பட்டறையிற் கண்ணாரக் கண்டும் அறிந்தவற்றை ஈண்டுத் தருகின்றேன். இதிற் கூறும் வெப்பநிலைகள் யாவும் செல்சியசுப் பாகையாகும்.

உருக்கினுள் நிகழ்வது

இரும்புடன் காபன் சிறிதளவு சேர்ந்தது உருக்கு. லொறியின் வில்தகட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்கு காபனும், பெரும்பாலும் சிறிது குரோமியமும் உண்டு. நல்ல அரத்தில் காபன் 1 வீதத்தை எட்டும். சிலவற்றில் அதனையுங் கடக்கும். இச் சிறிய வேறுபாடே எண்ணெயைத் தெரிவதில் பெரிய வேறுபாட்டை விளைக்கும்.

குளிர்ந்த இரும்பு காபனைத் தன்னுட் கரைத்துக்கொள்ளாது, கரையுமளவு 0.02 வீதத்திற்கும் மேற்படாது. ஆதலின் எஞ்சிய காபன் இரும்புடன் சேர்ந்து தனித் தகடுகளாகப் பிரிந்து நிற்கும். உருக்கைச் செங்கனலாகக் காய்ச்சி 727 பாகையைக் கடந்ததும் இரும்பணுக்கள் வேறொரு வகையாக அடுக்கமைந்து, காபனைத் தம்மிடையே கரைய விடுகின்றன. நீரிற் கற்கண்டு கரைந்தாற் போன்ற நிலை அது. இந்நிலையிலுள்ள உருக்கைக் காந்தம் பற்றாது. கொல்லர் காந்தத்தைத் தொட்டுப் பார்த்து, அது ஒட்டாத நிலை வந்தபின் இன்னுஞ் சிறிது காய்ச்சுவது இதனாலேயே. கத்தியுருக்கு வகைகளுக்கு 800 தொடக்கம் 830 வரை போதும். அதற்குமேல் நெடுநேரங் காய்ச்சின் உள்மணிகள் பருத்துக் கத்தி நொறுங்கும்.

இனி, காய்ந்த கத்தியை மெல்ல ஆறவிட்டால் காபன் மீண்டும் பிரிந்துவிடும்; கத்தி மென்மையாகும். விரைந்து ஆற்றினாலோ, பிரிவதற்குக் காலமின்றிக் காபன் சிறைப்படும். அச்சிறைப்பட்ட நிலையே கடினம். விஞ்ஞானிகள் இதனை மாட்டென்சைற்று என்பர். ஆகவே தோய்ச்சல் என்பது காபனோடு ஓடும் ஓட்டப் பந்தயம். பிரிவு மிக விரைவாக நிகழும் இடம் 550 பாகையை அண்டியது. அரத்தின் உருக்கு அவ்விடத்தை ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் கடந்தாக வேண்டும். குரோமியங் கலந்த வில்தகடோ சில வினாடிகள் பொறுக்கும்.

அவ்வாறாயின் மிக விரைந்து ஆற்றும் நீரையே கொள்ளலாமன்றோ என்னும் வினா எழும். ஈண்டுத்தான் இரண்டாவது இடர் உளது. 300 பாகைக்கும் 200 பாகைக்கும் இடையில், உருக்கின் காபனளவிற்கேற்பக் கடினநிலை தோன்றத் தொடங்கும். தோன்றுங்கால் உருக்கின் கனவளவு ஏறத்தாழ 4 வீதம் பெருக்கும். மெல்லிய வாய் முதலிற் பெருத்து இறுகிவிட, தடித்த முதுகு பின்னர்ப் பெருத்து அதனை இழுக்கும். அவ்வேளையில் ஆறுதல் மிக விரைவாயின் வெடிப்பு உண்டாகும். சுருங்கக் கூறின், நல்ல தோய்ச்சற்பொருள் மேலே விரைந்து ஓடவும் வேண்டும், கீழே மெல்ல நடக்கவும் வேண்டும்.

நீரும் எண்ணெயும் வேறுபடுமாறு

செங்கனலான கத்தியை எந்த நீர்மத்திலிட்டாலும் மூன்று நிலைகள் நிகழும். முதலாவது, நீர்மம் ஆவியாகிக் கத்தியைப் போர்வை போல மூடும். அப்போர்வை வெப்பத்தை எளிதிற் கடத்தாது. இரண்டாவது, போர்வை கிழிந்து நீர்மம் உருக்கைத் தொட்டுக் கொதிக்கும். வெப்பம் மிக விரைந்து நீங்குவது இப்போதே. மூன்றாவது, கத்தியின் வெப்பம் நீர்மத்தின் கொதிநிலைக்குக் கீழிறங்கியதும் கொதிப்பு அடங்கி, ஓட்டத்தால் மட்டும் மெல்ல ஆறும்.

நீர் 100 பாகையிற் கொதிப்பது. ஆதலின் அதன் வேகமான இரண்டாம் நிலை கீழே 100 பாகையை அண்டும்வரை நீடிக்கும். மெல்ல நடக்க வேண்டிய 300 - 200 இடைவெளியையும் அது ஓடியே கடக்கும், கத்தி வெடிக்கும். எண்ணெயின் கொதிநிலை மிக உயர்ந்தது. வேண்டிய இடத்திலே அதன் கொதிப்பு அடங்கிவிட, ஆறுதல் தானே மெல்லெனும். எண்ணெய் கத்தியைக் காப்பது இம்முறையினாலேயே.

எண்ணெய்களுள்ளும் விரைவு ஒத்ததன்று. பாகுத்தன்மை மிக்க தடித்த எண்ணெய் கத்தியைச் சுற்றி நன்கு ஓடாது. வெப்பத்தை மெல்லவே கவரும். ஆகையால் எண்ணெயைச் சிறிது சூடாக்கினால் அது விரைவாக ஆற்றும். குளிர்ந்த எண்ணெயே விரைந்து குளிர்விக்கும் என நம்மனோர் பலர் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. வெப்பம் 40 பாகையிலிருந்து 100க்கு ஏறுங்கால் தேங்காயெண்ணெயின் பாகுத்தன்மை ஏறத்தாழ நாலிலொன்றாகக் குறைந்துவிடும். 50 தொடக்கம் 60 பாகை வரை சூடாக்கியிருப்பது தோய்ச்சலுக்குப் போதுமானது.

எண்ணெய்களின் குணங்குற்றம்

பழைய மோட்டார் எண்ணெய்: இலவசமாகக் கிடைப்பது ஒன்றே இதன் குணம். அறை வெப்பத்தில் இது தேங்காயெண்ணெயிலும் பல மடங்கு தடித்தது. வில்தகட்டின் மெல்லிய கத்தியை ஒருவாறு இறுக்கும். அரத்தின் உருக்கிற்கு இதன் வேகம் போதாது. மடங்கிய கத்தியின் மருமம் இதுவே. மேலும், எந்திரத்தில் எரிந்த எண்ணெயிலே பல்வளைய அரோமற்றிக்குச் சேர்வைகளும் உலோகத் துகள்களுங் கலந்திருக்கும். அவற்றுட் சில புற்றுநோயை விளைக்க வல்லவை. செங்கனல் பட்டெழும் அப்புகையை நாள்தோறும் நுகர்வதும், அவ்வெண்ணெயில் நனைந்த கையோடு வேலை செய்வதும் மெல்லக் கொல்லும் நஞ்சாகும். இறைச்சியும் மீனும் வெட்டுங் கத்திக்கு இதனைக் கொள்ளுதல் எவ்வாற்றானும் தகாது.

ஆமணக்கெண்ணெய்: நஞ்சன்று, ஆயின் மிகத் தடித்தது. தோய்ச்சலுக்கு ஏலாது.

ஆளிவிதையெண்ணெய்: காற்றுப்பட உலர்ந்து படலமாவது, வர்ணப் பூச்சுக்கு உதவுவது அதனாலேயே. தொட்டியில் வைத்துப் பலகாலும் பயன்படுத்துவதற்கு உரியதன்று.

நல்லெண்ணெய்: வேகம் போதியது. இதில் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் மிகுதி. பலமுறை சூடேறின் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து தடித்துப் பிசினாகும். விலையும் மிகுதி.

தேங்காயெண்ணெய்: மரக்கறியெண்ணெய்கள் யாவற்றிலும் ஆவிப்போர்வை குறுகியது, மேலே விரைந்தோட இது துணைசெய்யும். தேங்காயெண்ணெய்க்கோ இன்னொரு சிறப்புண்டு. இதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ 90 வீதம் நிறைவுற்றவை. ஆதலின் ஒட்சிசன் இதனை எளிதிற் கெடுப்பதில்லை. 25 பாகையளவில் உறைவதால் நுவரெலியாவிற் கட்டியாகும். கொழும்பில் பெரும்பாலும் உருகியே இருக்கும். எங்ஙனமாயினும் சூடாக்கியே கொள்ளப்போகின்றோமாதலின் அது குறையன்று.

தொழிற்சாலைகளுக்கென ஆக்கப்பெறும் தோய்ச்சலெண்ணெய்: இவற்றின் வேகத்தை அளப்பதற்கு ஒரு முறையுண்டு. 885 பாகைக்குக் காய்ச்சிய நிக்கற் குண்டை எண்ணெயிலிட்டு, அது மீண்டுங் காந்தத்தாற் கவரப்படும் நிலையாகிய ஏறத்தாழ 355 பாகைக்கு இறங்க எத்தனை வினாடி செல்லுமெனப் பார்ப்பர். பத்து வினாடிக்கு உட்பட்டது விரைவெண்ணெய். பதினைந்தைக் கடந்தது மெல்லெண்ணெய். அரம் போன்ற உருக்கையே நாள்தோறும் தோய்ப்பவர் விரைவெண்ணெயை வாங்குதல் நன்று.

எனவே விடை இது: வில்தகட்டுக் கத்திக்குச் சூடாக்கிய தேங்காயெண்ணெய் முற்றிலும் போதும். அரத்தாற் செய்த கத்தி மெல்லியதாயின் அதற்கும் போதும். தடித்ததாயின் விரைவெண்ணெய் வேண்டும். நீர் இரண்டிற்கும் இடர். பழைய மோட்டார் எண்ணெய் ஒன்றிற்கும் ஆகாது.

எண்ணெயின் அளவும் செலவும்

விலையேற்றமே பட்டறைக்காரரின் குறை. அதனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 200 கிராம் நிறையுள்ள கத்தி 800 பாகையிலிருந்து 60க்கு ஆறும்போது ஏறத்தாழ 96 கிலோயூல் வெப்பத்தை விடும். நான்கு இலீற்றர் எண்ணெயை ஒரு பாகை சூடாக்க 7 கிலோயூலுக்குச் சற்று மேல் வேண்டும். ஆகவே ஒரு கத்திக்கு எண்ணெய் 13 பாகை ஏறும். 50 பாகையில் தொடங்கி மூன்று கத்திகளை இடைவிடாது தோய்த்தால் 90ஐ அணுகும். அப்போது நிறுத்தி ஆறவிடல் வேண்டும். ஓர் இலீற்றரை மட்டும் வைத்திருந்தாலோ ஒரே கத்திக்கு 50 பாகைக்கு மேல் ஏறிவிடும். சுத்திகரியாத தேங்காயெண்ணெய் 175 பாகையளவிற் புகையத் தொடங்குவது. எண்ணெய் குறைந்தால் இடர் மிகும். எண்ணெயை மிச்சம் பிடிப்பதாக எண்ணித் தொட்டியைச் சிறிதாக்குதல் மெய்யான சிக்கனமன்று.

நான்கு இலீற்றர் எண்ணெய் ஒரே நாளில் அழிவதுமன்று. கத்தியோடு ஒட்டிச் செல்வதும், புகையாய்ப் போவதுமே இழப்பு. கரித்துகளைத் துணியில் வடித்து, மூடி வைத்து, குறைந்ததை நிரப்பிவரின் பற்பல கத்திகளுக்கு உதவும். ஒரு கத்தி வெடித்துப் போனால் இழக்கும் உருக்கும் உழைப்பும் அவ்வெண்ணெயின் விலையை நோக்கச் சிறியனவல்ல.

தோய்க்கும் முறை

கத்தியை நுனி கீழ்நோக்க, நேராக, முழுவதும் அமிழும்படி இறக்குக. பக்கவாட்டில் அசைத்தால் வளையும். மேலுங் கீழுமாக, அல்லது வாய் செல்லுந் திசையில் அசைக்கலாம். பாதி வெளியே நிற்கவிட்டால் எண்ணெய் தீப்பற்றும். தொட்டி இரும்பாக இருத்தல் வேண்டும். பிளாத்திக்கு வாளி ஒருபோதும் ஆகாது. முக்காற் பங்கிற்கு மேல் எண்ணெய் நிரப்பலாகாது. எண்ணெயில் நீர்த்துளியும் இருத்தலாகாது. நீர் ஆவியாகுங்கால் 1,600 மடங்கிற்கு மேலாகப் பெருத்து, கொதியெண்ணெயை முகத்தில் வீசும். பொருந்திய மூடியொன்று கைக்கெட்டுந் தூரத்தில் இருத்தல் வேண்டும். தீப்பற்றின் மூடியால் மூடுக, அன்றி உலர்ந்த மணலைக் கொட்டுக. நீரை ஊற்றுவோன் தீயைப் பரப்புவோனாவான்.

ஆறிய கத்தியின் வாயிலே நல்ல அரத்தை மெல்லத் தேய்க்க. அரம் பற்றாது வழுக்கினால் தோய்ச்சல் பலித்தது. பற்றிச் சுரண்டினால் பலிக்கவில்லை. பலித்த கத்தி அந்நிலையிற் கண்ணாடி போல நொறுங்குவது. ஆகவே தாமதியாது 200 பாகையளவில் ஒரு மணிநேரம் வைத்து ஆற்றி, மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்தல் வேண்டும். வீட்டு மின்னடுப்பே இதற்குப் போதும். துலக்கிய உருக்கின்மேல் வைக்கோலின் இளமஞ்சள் நிறம் படர்வதே பதத்திற்கு அடையாளம்; நீலம் வந்துவிட்டால் 300 பாகையை எட்டிற்றென்றும், வாயின் கடினம் குறைந்ததென்றும் அறிக.

தமிழில் இத்தொழிலைத் 'தோய்ச்சல்' என்றனர் நம் முன்னோர். பால் தயிராகத் தோய்வதும் அதே சொல். இரண்டிலும் ஒரு பொருள் தன் உள்ளமைப்பு மாறி இறுகுகின்றது. இரண்டிலும் சூடு மிகினும் குறையினும் பதந் தவறும். சொல்லை ஆக்கியவன் பட்டறையையும் அறிந்தவன், அடுக்களையையும் அறிந்தவன்.

நம் நாட்டின் உருக்கு

இத்தொழில் நமக்கு இரவல் வந்ததன்று. பலாங்கொடைக்கு அணித்தான சமனலவெவவில், தென்மேற்குப் பருவக்காற்று நேரே மோதும் மலைச்சரிவுகளில், காற்றின் வலியாலேயே எரிந்த இரும்புலைகள் அகழ்ந்து காணப்பட்டன. அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு தொடக்கம் 11ஆம் நூற்றாண்டு வரைக்கும் உரியன. ஆய்வாளர் கில் யூலெவ் அம்மையார் அத்தகைய உலையை மீண்டும் அமைத்து, காற்றொன்றினாலேயே உயர்காபன் உருக்குப் பெறலாமெனக் காட்டி, 1996ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1903 தொடக்கம் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளளவைத் தலைவராக இருந்தபோது எஞ்சியிருந்த உருக்குக் கொல்லரின் தொழிலைக் கண்டு, 1908இல் வெளிவந்த தம் நூலிற் பதிவுசெய்தார். தமிழகத்துக் கொடுமணலிலும் இரும்புத் தொழிலின் சுவடுகள் அகழப்பட்டுள்ளன. மண்மூசையில் இரும்பையும் ஆவாரஞ் சுள்ளியையும் இட்டு உருக்கி ஆக்கிய தென்னாட்டு உருக்கு 'ஊட்சு' என்னும் பெயரால் மேனாடு சென்றது. அப்பெயர் கன்னடத்து 'உக்கு' என்பதன் திரிபென்பர். நம் 'உருக்கு' அதற்கு இனச்சொல்.

1819ஆம் ஆண்டில் இலண்டனில் அவ்வூட்சு உருக்கைப் பகுத்தாராய்ந்து கட்டுரை வெளியிட்டவர் மைக்கேல் பரடே. பின்னாளில் மின்னியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்பெற்ற அவர், ஒரு கொல்லனின் மகன்.

இச்செய்தியை அவ்வகுப்பிற்குச் சொன்னேன். பின்னர், எழுந்து நின்று வினவிய மாணவனையே அழைத்து, தோய்ச்சலின் மூன்று நிலைகளையும் கரும்பலகையில் வரைந்து விளக்கச் சொன்னேன். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் வினாவிற்கு யான் இறுத்த விடை இதுதான்: காபன் குறைந்த இரும்பு நீர்பட்டு வெடிப்பதில்லை; புலவர் கண்ட உலைக்களத்தில் நீர் இரும்பின்மேற் பட்டு, கிராம் ஒன்றுக்கு 2,260 யூல் வெப்பத்தைக் கவர்ந்து, ஆவியாய் மறைந்தது. அந்நீர் மீளாது, புலவர் கூறியது மெய். உயர்காபன் உருக்கு நீரில் வெடிக்கும். மாணவன் கூறியதும் மெய். பிழைத்தவன், நீரை மட்டும் நோக்கி இரும்பை நோக்காத ஆசிரியனே.

இன்று அப்பட்டறையிற் கறுப்பெண்ணெய்த் தொட்டி இல்லை. மூடியிட்ட இரும்புத் தொட்டியில் நான்கு இலீற்றர் தேங்காயெண்ணெய் உளது. வெப்பமானி ஒன்றும் அருகே தொங்குகின்றது. அரத்தில் அடித்த மூன்றாங் கத்தியைத் தந்தையார் எனக்கு அளித்தார். வெடிப்புமில்லை, வாய் மடங்கவுமில்லை.

பழைய மாணவருள் எந்திரவியலாளர் உளர், மருத்துவர் உளர், வணிகரும் உளர். பஞ்சிகாவத்தையின் வில்தகடுகளைக் கொண்டு பிழைக்குஞ் சிறு பட்டறைகள் நம் நகரில் இன்னும் இருக்கின்றன. வழியிற் கறுப்புப் புகையைக் கண்டால் மூக்கைப் பொத்திக் கடந்து செல்லாது, உள்ளே நுழைந்து ஒரு சொற் சொல்லுக. அங்கே துருத்தியருகில் நிற்கும் சிறுவன் நாளை நம் கல்லூரி வாயிலை மிதிப்பான். அவன் தன் தந்தையின் தொழிலைச் சொல்ல நாணாதிருக்கச் செய்வது நம் கடன்.